மூன்றாவது பை

“மண் நல்லா இருக்கா?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். “எதுக்கு நல்லா இருக்கணும்? என்ன போடப் போறீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க” என்பாள். வெங்காயம் என்றோ வாழை என்றோ பதில் வந்த பிறகுதான் பையின் வாயைக் கட்டியிருக்கும் கயிற்றில் கை வைப்பாள். களிமண்ணும் கெட்டது இல்லை, மணலும் கெட்டது இல்லை, பொருந்தாத பயிரோடு சேர்த்து வைத்தால்தான் எந்த மண்ணும் கெட்ட பெயர் வாங்கும் என்பது அவள் கட்சி. ஒரே வார்த்தையில் பதில் கிடைக்கும் என்று நினைத்து வந்தவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பார்.

அவளும் நானும் மண் பரிசோதனைக் கூடத்தில் அடுத்தடுத்த மேஜைக்காரர்கள். எல்லாரும் அவளை மண்ணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட நான் இரண்டு வயது மூத்தவள். இருந்தாலும் எனக்கும் அவள் அக்காதான். இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, மறைப்பானேன். பையோடு உள்ளே நுழைகிறவர்கள், நான் சும்மா உட்கார்ந்திருந்தாலும், என்னைத் தாண்டிப் போய் அவள் முன்னால்தான் நிற்பார்கள். அவள் திட்டினாலும் அங்கேயேதான் நிற்பார்கள்.

கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு நீளமான அறை. சுவர் ஓரம் பலகைகள், பலகை மேல் பழுப்புக் காகிதம், காகிதத்தின் மேல் காய்கிற மண். காகிதம் பறக்கும் என்பதால் அந்தப் பக்கத்து மின்விசிறியை எந்தப் புழுக்கத்திலும் போடக் கூடாது. காய்ந்த மண்ணை மரச்சுத்தியலால் தட்டி உடைத்து, சல்லடையில் சலித்து, குடுவையில் போட்டு, குலுக்குகிற இயந்திரத்தில் வைப்போம். அது நாள் முழுக்கக் கடகடத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துத் துவட்டினால் துண்டு பழுப்பாகிவிடும்.

மண் கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. போட்டோவுக்கு நிற்கிறவன் தலை சீவிக்கொள்கிற மாதிரி, நிலத்திலேயே செழிப்பான மூலையாகப் பார்த்து மண் எடுத்து வருவார்கள். எருக்குழிப் பக்கம், மரத்தடி, வாய்க்கால் ஓரம். நிலம் முழுக்கப் பல இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் மிஞ்சுவதைக் கொண்டு வர வேண்டும் என்பது முறை. அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? ஆனால் மண்ணக்காவிடம் இந்த ஏமாற்று எடுபடாது. ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “மாடு எங்க கட்டுறீங்க? அங்கதானே எடுத்தீங்க?” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். வந்தவர் முகத்தில் ஈயாடாது. பையைத் தூக்கிக்கொண்டு போய், மறு வாரம் ஒழுங்கான மண்ணோடு வருவார்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு பையில் கோட்டை விட்டாள். அது அவள் தம்பி கொண்டு வந்த பை.

தம்பி துணி ஆலையில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவன். கணவர் இறந்த பிறகு அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். எனக்கு அடுத்த தெரு என்பதால் பாதி ஞாயிறுகள் நானும் அங்கேதான் இருப்பேன். வாரம் முழுக்க உம்மணாமூஞ்சியாக இருக்கிறவள் அன்றைக்கு மட்டும் அடுப்படியில் நின்றபடியே சிரிப்பாள். அவன் பேச்சு அப்படி. யாரையாவது காலை வாராமல் அவனுக்கு ஒரு வாய் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் ஊருக்குக் கிளம்பிய அன்று, பெட்டியும் உள்ளே, சாவியும் உள்ளே இருக்க, அவன் பெண்டாட்டி கதவை இழுத்துச் சாத்திவிட்டாளாம். பூட்டை உடைப்பதற்குள் ரயில் போய்விட்டதாம். அந்தக் கதையை நானே எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது சேரும். எல்லாரும் சிரிப்போம். அவன் பெண்டாட்டியும் சிரிப்பாள், ஆனால் எல்லாருக்கும் கடைசியில்தான் சிரிப்பாள். அவன் கெட்டவன் இல்லை. கை நீட்டியதில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான்.

ஆலையை மூடிவிட்டார்கள். கொஞ்ச காலம் அவன் வேலைக்குப் போகிறவன் மாதிரியே காலையில் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தான். பிறகு ஊருக்கு வெளியே சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கினான். எலுமிச்சைத் தோட்டம் போடப் போகிறேன் என்றான். வருஷம் முழுக்கக் காய்க்கும், மாதச் சம்பளம் மாதிரி என்றான். அந்த வயதில் இன்னொரு ஆலையில் அவனை யாரும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். எலுமிச்சை பிழைத்தால் அவன் பிழைப்பான் என்கிற நிலைமை.

“நீ வந்து ஒரு பார்வை பார்த்துடுக்கா” என்று அக்காவைக் கூப்பிட்டான்.

“மத்தவங்க நிலத்துக்கெல்லாம் நான் போறேனா? தம்பி நிலம்னா தனி நியாயமா?” என்றாள். “எல்லாரையும் மாதிரி மண்ணைக் கொண்டா. மரம் வைக்கறதுன்னா மேல்மண்ணை மட்டும் பார்த்தா பத்தாது. வேர் கீழ போகும். நெஞ்சளவு குழி வெட்டு. மேல இருந்து ஒரு பை, நடுவுல இருந்து ஒரு பை, அடியில இருந்து ஒரு பை. நிழல்ல காயப் போட்டு எடுத்துட்டு வா.”

அவன் வெட்டினான். சொன்னபடி மூன்று பைகளைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தான். துவைத்த வெள்ளைத் துணிப் பைகள், வாயை வண்ண நூலால் அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் எங்கே வெட்டினாய், எப்படி எடுத்தாய், யார் காயப்போட்டது என்று குடைந்து எடுத்திருப்பாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடப் பிறந்தவனை எப்படிச் சந்தேகப்படுவது? நியாயம் எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லி நிலத்துக்குப் போகாதவள், கேள்வி கேட்பதில் மட்டும் தம்பிக்குச் சலுகை கொடுத்துவிட்டாள். இரண்டில் ஏதாவது ஒன்றை மாற்றிச் செய்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

மூன்று பையிலும் மண் அருமையாக இருந்தது. மணலும் களியும் அளவாகக் கலந்து, தண்ணீர் தேங்காமல், அடிவரை ஒரு கல்கூட இல்லாமல், எலுமிச்சைக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. “தாராளமா வைடா” என்றாள். அந்த ஞாயிறு அவள் வீட்டில் சாப்பாடு தடபுடலாக இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் கன்றுகள் தளதளவென்று வந்தன. அப்புறம் துளிர்கள் மஞ்சளாகத் தொடங்கின. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. உரக்கடைக்காரர் சொன்னதையெல்லாம் வாங்கிக் கொட்டினான். தண்ணீரைக் கூட்டிப் பார்த்தான், குறைத்துப் பார்த்தான். கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. ஒரு நாள் காய்ந்த கிளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டான்.

“என் பையைத்தான் பார்த்தியா, இல்ல வேற எவன் பையையாவது பார்த்துட்டு எனக்குச் சொன்னியா?”

“உன் பைதான்டா” என்றாள்.

“அப்ப இது என்ன?” கிளையை அவள் மேஜை மேல் போட்டான். மஞ்சள் இலைகள் சல்லடைக்குள் உதிர்ந்தன. மண்ணோடு வந்திருந்த நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். உள் அறையிலிருந்து அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். “ஆலையில என்னை வெளிய அனுப்பினாங்க. அவங்க யாரோ எவரோ. நீ என் அக்கா. உன் பேச்சை நம்பித்தான் நட்டேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு நின்றன. அவள் மட்டும் வழக்கம்போல நாலு பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அதைப் பாத்திரத்தில் போட்டுக் கூடத்துக்குக் கொண்டு வருவாள். “சூடு பண்ணியிருக்கேன், சாப்பிடுங்க” என்பாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுவோம்.

இப்படியே போயிருந்தால் காலப்போக்கில் ஆறியிருக்குமோ என்னவோ. ஒரு நாள் தம்பியின் மனைவி அவனுக்குத் தெரியாமல் மண்ணக்காவுக்குப் போன் செய்தாள். நாற்றுப் பண்ணைக்காரன் மட்டமான கன்றைக் கொடுத்துவிட்டான் என்று இப்போது அவனுக்குத் தோன்றிவிட்டதாம். வேறு பண்ணையில் நல்ல எலுமிச்சைக் கன்றாகச் சொல்லி வைத்துவிட்டு, நிலத்தின் மறுபாதியிலும் குழி வெட்டிக்கொண்டிருக்கிறானாம். “கையில மிச்சம் இருக்கிறதையும் இதுலயே போடறாரு அண்ணி. எனக்குப் பயமா இருக்கு” என்றாளாம்.

அன்றைக்கு மண்ணக்கா தன் அலமாரியின் பின்வரிசையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்தாள். சோதித்து மிஞ்சிய மண்ணைச் சில மாதம் வைத்திருந்து கொட்டிவிடுவோம். தம்பியின் மண்ணைக் கொட்ட அவளுக்கு மனசு வந்திருக்கவில்லை. ஒன்றாவது டப்பாவிலிருந்து ஒரு கையிலும் மூன்றாவதிலிருந்து மறு கையிலும் கொஞ்சம் எடுத்து, குழாயடியில் நனைத்துப் பிசைந்து உருட்டினாள். இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் நீட்டினாள்.

“எது மேல்மண்ணு, எது அடிமண்ணு? சொல்லு.”

நிறம், பிசுக்கு, உருண்ட விதம் எல்லாம் ஒன்றாக இருந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“எனக்கும் தெரியல” என்றாள். “வெயில் படற மண்ணும் நெஞ்சளவு ஆழத்துல கிடக்கிற மண்ணும் எப்படிடி ஒரே மாதிரி இருக்கும்?” பிறகு மூன்றாவது டப்பாவைக் காகிதத்தில் கொட்டி, ஊசியால் கிளறி, நூல் மாதிரி எதையோ தூக்கிக் காட்டினாள். காய்ந்த புல் வேர். “அவ்வளவு ஆழத்துல ஏது புல்லு? இதை நான் அன்னிக்கே பார்த்திருக்கணும்.”

“உன் தம்பி சோம்பேறித்தனப்பட்டு மேல்மண்ணையே ரெண்டு பையில அள்ளிப் போட்டிருப்பான்” என்றேன்.

“அவன் அப்படிச் செய்யறவன் இல்ல.”

மறுநாள் மதியத்துக்கு மேல் விடுப்புப் போட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அவன் தோட்டத்துக்குப் போயிருந்தான். அந்த வீட்டில் கால் வைக்கவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு சுத்தம். தம்பியின் மனைவி எங்களை உட்கார வைத்து, ஏற்கெனவே துடைத்திருந்த மேஜையை இன்னொரு தடவை துடைத்துவிட்டு டீ கொண்டு வந்து வைத்தாள். சின்ன உருவம், கை மட்டும் எப்போதும் எதையாவது செய்துகொண்டே இருக்கும்.

“அந்த மூணு பை மண்ணையும் காயப் போட்டது யாரு?” என்று மண்ணக்கா கேட்டாள்.

“நான்தான் அண்ணி. அவரு குழியில இருந்து எடுத்துட்டு வந்து குடுத்தாரு. மாடியில நிழலாப் பார்த்துப் பரப்பினேன்.”

“அடிமண்ணு எப்படி இருந்துச்சு?”

“அதை ஏன் கேட்கறீங்க. ஒரே வெள்ளை வெள்ளைக் கல்லு. பருப்புல கல் பொறுக்கற மாதிரி உட்கார்ந்து பொறுக்கினேன். இடுப்பே போச்சு. பொறுக்கி முடிச்சா பையில ஒண்ணுமே இல்ல, ரெண்டு கை மண்ணுதான். உங்ககிட்ட வர்றதாச்சே. ஆபீஸ்ல நாலு பேர் பார்ப்பாங்க. தம்பி வீட்டுல இருந்து அரைப் பை வந்திருக்குன்னா உங்களுக்குத்தானே குறைச்சல்? அதான் முதல் பைக்குப் போக மிஞ்சின மேல்மண்ணை எடுத்துப் போட்டு நிரப்பி, நல்லாக் கலந்துவிட்டேன்.”

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த வெள்ளைப் பைகளும் வண்ண நூலும் யார் வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாத்தனார் முன்னால் தலைகுனிவு வரக் கூடாது என்று ஒருத்தி மண்ணைக்கூடச் சுத்தம் பண்ணி அனுப்பியிருக்கிறாள். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

மண்ணக்கா டீயைத் தொடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தம்பி மனைவியின் குரல் இறங்கியது. “பொறுக்கினது தப்பா அண்ணி?”

“அது சுண்ணாம்புக் கல்லும்மா. கீழ முழுக்க அதுதான் இருந்திருக்கு. வேர் மேல இருக்கிற வரைக்கும் மரம் நல்லா வரும். கீழ இறங்கி அந்தச் சுண்ணாம்புல பட்டதும் எலுமிச்சைக்குச் சத்தை எடுத்துக்க முடியாது. என்ன உரம் போட்டாலும் மஞ்சளாத்தான் நிக்கும்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி” என்றாள். “ரயிலை விட்டதையே இன்னும் சொல்லிட்டு இருக்காரு. இதை நான் சாகற வரைக்கும் கேட்கணும். அதையாவது சிரிச்சுட்டுச் சொல்றாரு. இதைச் சிரிச்சுட்டுச் சொல்ல மாட்டாரு.”

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் நான் வெடித்தேன். “சொல்லித் தொலை. அவ பண்ணின வேலைக்கு நீ ஏன் கெட்ட பேர் வாங்கணும்? உண்மையைச் சொன்னா உன் தம்பி நாளைக்கே உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பான்.”

“நிப்பான்” என்றாள். “அவ எங்க போய் நிப்பா?”

“அதுக்காக?”

“நான் அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா. ஊர்ல இருக்கிறவனை எல்லாம் கேட்டேன். இவங்களைக் கேட்கல.”

தம்பியிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடவும் வழி இல்லை. புதுக் கன்றுகள் வந்து இறங்குவதற்குள் அவனைத் தடுத்தாக வேண்டும். தடுத்தால், அப்போது ஏன் நல்ல மண் என்று சொன்னாய் என்று கேட்பான். அதற்கு ஒரு பதில் வேண்டும். அந்த வாரம் முழுக்க அவள் மரச்சுத்தியலால் மண்ணைத் தட்டிய தட்டில் மேஜை ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக்குப் போனோம். சரிவின் ஒரு பாதியில் மஞ்சளாக நிற்கிற மரங்கள். மறுபாதியில் வரிசையாகப் புதுக் குழிகள். தம்பி கடப்பாரையோடு ஒரு குழிக்குள் நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான், வா என்று சொல்லவில்லை. குழியோரம் குவித்திருந்த மண்ணில் அவரைக்கொட்டை அளவில் வெள்ளைக் கற்கள் கிடந்தன. மண்ணக்கா ஒரு கல்லை எடுத்து உள்ளங்கை அகலமான ஓட்டுச் சில்லில் வைத்து, கைப்பையிலிருந்து சின்ன அமிலப் பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். சோடா மாதிரி பொங்கி நுரைத்தது.

“பார்த்தியா? சுண்ணாம்பு. இந்த நிலம் எலுமிச்சைக்கு ஆகாதுடா. புதுக் கன்னு வேண்டாம்னு சொல்லிடு. மாதுளை இதைத் தாங்கும், மாதுளை வை. இல்லைன்னா பருத்தி போடு. நிலத்து மேல ஒரு குத்தமும் இல்ல.”

அவன் குழியை விட்டு மேலே வந்தான். “அப்ப முன்னாடி சொன்னது?”

“தப்பாச் சொல்லிட்டேன்.”

தோட்டத்துக் கொட்டகையிலிருந்து தம்பியின் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள்.

தம்பி குனிந்து ஒரு கல்லை எடுத்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மூணாவது பையில இந்தக் கல்லுதானே நிறைய இருந்துச்சு? நானே என் கையால அள்ளிப் போட்டேன். போடும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. சரி, அக்கா பார்த்துக்குவான்னு விட்டேன். நீ இதைப் பார்க்கவே இல்லையா?”

இந்தக் கேள்வியை நானும் எதிர்பார்க்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. கல் இல்லை என்று சொன்னால் கல் எங்கே போயிற்று என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அந்த வீட்டில் ஒருத்திதான் பதில் சொல்ல முடியும். அவள் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தண்ணீர் தளும்பி அவள் காலில் வழிந்தது.

“பார்த்தேன்” என்றாள் மண்ணக்கா. “பெரிசா எடுத்துக்கல.”

கைதவறி விட்டது, கவனிக்காமல் விட்டது என்றால் ஒரு மாதிரி. சுண்ணாம்புக் கல்லைக் கண்ணால் பார்த்துவிட்டு எலுமிச்சை வை என்று எங்கள் கூடத்தில் நேற்றுச் சேர்ந்தவள்கூடச் சொல்லமாட்டாள். தன் தொழிலில் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவளே தன் வாயால் சொல்லிவிட்டாள்.

தம்பி அக்காவைப் பார்த்தான். “கல்லைப் பார்த்துட்டுமா நல்ல மண்ணுன்னு சொன்னே?” என்றான். அவன் கத்தியிருந்தால் எனக்குக்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டான்.

நான் தம்பியின் மனைவியைப் பார்த்தேன். சொல்லேன், இப்போதாவது சொல்லேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

அவன் எலுமிச்சைக் கன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மட்டமான கன்று கொடுத்தான் என்று முன்பு சந்தேகப்பட்டானே, மாதுளை வைக்கலாமா என்று அதே நாற்றுப் பண்ணைக்காரனிடம் போய்க் கேட்டானாம். அவனும் மாதுளைதான் சரி என்றானாம். அதற்குப் பிறகுதான் வைத்தான். மாதுளை பிடித்துக்கொண்டது. கருகருவென்று இலை விட்டு, சிவப்பாகப் பூத்தது. அவன் முகமும் தெளிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டான். அவள் கதவைத் திறந்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எனக்குக்கூடக் கண் கலங்கியது.

கோபம் அவனிடம் நெடுநாள் தங்காது. கதைதான் தங்கும். ரயில் கதை போய் இப்போது கல் கதை வந்துவிட்டது. “எங்க அக்கா இருக்காளே, கண்ணு முன்னாடி அவ்வளவு கல் கிடக்குது, எலுமிச்சைக்கு அருமையான மண்ணுன்னு சொன்னா பாருங்க.” சாப்பிடும்போது சொன்னான். உரக்கடையில் சொன்னான், பஸ்ஸில் சொன்னான், பண்ணையில் சொன்னான். மனசில் விஷம் வைத்துச் சொல்லவில்லை. சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னான். கேட்டவர்களும் சிரித்தார்கள். ஆனால் பையோடு கூடத்துக்கு வருகிறவர்கள் மெல்ல மெல்ல என் மேஜைப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தார்கள். “அந்தம்மா வேண்டாங்க, நீங்களே பாருங்க” என்று ஒருவர் என்னிடம் கிசுகிசுத்தார். அவரை அறைய வேண்டும் போல இருந்தது. பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மண்ணக்கா வீட்டில் சாப்பிட்டு முடித்து முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். தம்பி பக்கத்து நிலத்தையும் எடுத்துச் செய்யப் போகிறானாம். மண் கொண்டு வந்திருந்தான். சாக்கிலிருந்து அந்த மண் பையை எடுத்தபோது மண்ணக்காவின் கை தன்னால் நீண்டது. அவன் அவளைத் தாண்டி என் மடிக்குப் பக்கத்தில் வைத்தான்.

“நீங்க பார்த்துச் சொல்லுங்க. எங்க அக்கா வேண்டாம். இன்னொரு தோட்டத்தைப் பிடுங்க எனக்குத் தெம்பு இல்ல” என்று சொல்லிச் சிரித்தான்.

நீண்ட கை பாய் ஓரத்தில் கிடந்த தம்ளரை எடுத்துக்கொண்டது.

“அண்ணியே பார்க்கட்டும்” என்றாள் அவன் மனைவி.

“மண்ணைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“தெரியும்.” அவள் அவன் பக்கம் திரும்பினாள். “அந்தக் கல்லை அண்ணி பார்க்கல. அந்தக் கல்லு...”

“உள்ள பால் பொங்குது, போய்ப் பாரு” என்றாள் மண்ணக்கா.

அடுப்பில் பால் இல்லை. எனக்குத் தெரியும், எழுந்து போனவளுக்கும் தெரியும். போனவள் வெகுநேரம் அடுப்படியை விட்டு வரவில்லை. தம்பி ஒன்றும் கவனிக்கவில்லை. மாதுளையில் இந்த வருஷம் எத்தனை பூ என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவர்கள் கிளம்பிப் போனதும் நான் கேட்டேன். “அவளே வாயைத் திறந்தா. நீ ஏன் அடைச்சே?”

“இப்ப சொன்னா, மண்ணு விஷயத்தோட நிக்காது. இத்தனை நாள் ஏன் மறைச்சேன்னு கேட்பான். ரெண்டு பேரும் அவனுக்குப் பொய்க்காரங்க ஆயிடுவோம்.” பாத்திரங்களை அடுக்கினாள். அடுக்கியதை மறுபடி கலைத்து அடுக்கினாள். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் அவளோடு பழகிய இத்தனை வருஷத்தில் பார்த்திராத மாதிரி, வாய்விட்டு அழுதாள்.

“ஆபீஸ்ல வந்து கத்தினப்போ வலிக்கல. ஊர் முழுக்கச் சொன்னப்போ வலிக்கல. அந்தப் பையை உன்கிட்ட வச்சான் பாரு.”

பை என் பக்கத்தில்தான் கிடந்தது. அதை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன். “நீயே பாரு. நான் பார்த்ததாச் சொல்லிக்கறேன்” என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினாள்.

“அவன் உன்கிட்டதான் குடுத்தான்” என்றாள்.